‘ப்ளீஸ்’ என்னும் சொல்லின் பூர்விகம்

கடையில் மிட்டாயைக் கண்ட குழந்தை தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு, ‘ப்ளீஸ், அம்மா’ என்று இயன்றமட்டும் நீட்டிக் கெஞ்சும்போது, அது உச்சரிப்பது தேய்ந்து எஞ்சிய ஒரு துணுக்கே என்பதும், முழு வாக்கியமாக இருந்த காலத்தில் அது மன்னர் சமுகத்திலும் நீதிபதிகளின் சந்நிதியிலும் தலை தாழ்த்தி நின்றோர் வாயில் வழங்கியது என்பதும் நம்மில் பலர் எண்ணிப் பாராதவை.

அதன் மூலம் லத்தீன் மொழியின் ‘ப்ளாக்கேரே’ என்னும் வினை. உவப்பாய் இருத்தல் என்பது பொருள். 1066-ல் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தை வென்று, பிரெஞ்சு மொழியை அரண்மனைக்கும் நியாய ஸ்தலத்துக்கும் உரிய பாஷையாக்கிய பின், அவ்வினையின் பிரெஞ்சு வடிவம் மெல்ல மெல்ல ஆங்கிலத்தில் இறங்கிப் பதினான்காம் நூற்றாண்டில் நிலைத்துவிட்டது. அன்றைய வழக்கில் அது ‘அது தங்களுக்கு உவப்பாயின்’ என்னும் முழுத் தொடராகவே நின்றது.

இத்தொடரின் நுட்பத்தை ஆங்கிலேயனைவிடத் தமிழன் எளிதில் உணர்வான். ‘எனக்குப் பிடிக்கிறது’ என்று நாம் சொல்லுகையில், நான் என்பவன் எழுவாயாக முன்வராமல் நான்காம் வேற்றுமையில் சற்று ஒதுங்கி நிற்க, பிடித்த பொருளே எழுவாயாகிறது அன்றோ? பழைய ஆங்கிலத்திலும் இவ்வமைதியே இருந்தது. விரும்புதலைக் குறிக்கும் ‘லைக்’ என்னும் சொல்லுக்குக்கூட முதலில் ‘உவப்பளித்தல்’ என்பதே பொருள். பின்னர் ‘நான்’ எழுவாயின் ஆசனத்தில் ஏறி அமர்ந்துகொண்டது. பிரெஞ்சுக்காரர் மட்டும் ‘ஸில் வூ ப்ளே’ என்று, காப்பி கேட்கும்போதுகூட, அந்தப் பழைய தொடரை ஓர் உறுப்பும் குறையாமல் இன்றும் சொல்லி வருகின்றனர்.

உவப்பு என்பது இங்கே யாருடைய உவப்பு? ரோமானியச் சட்டத்தில், சக்கரவர்த்திக்கு உவப்பாகியது எதுவோ அதற்குச் சட்டத்தின் வலிமை உண்டு என்று மூன்றாம் நூற்றாண்டின் நியாய நிபுணர் உல்பியன் வகுத்துரைத்தபோது ஆண்ட வினையும் இந்த ‘ப்ளாக்கேரே’யே. ‘உவந்து தீர்மானிக்கப்பட்டது’ என்னும் பொருளில் அதிலிருந்து பிறந்த ‘ப்ளாக்கிடும்’ என்ற பெயர், இடைக்காலத்தில் அரசாணையையும், ஆணை பிறக்கும் சபையையும், அச்சபையில் நடக்கும் வழக்கையும் குறித்து, முடிவில் ஆங்கிலத்தில் ‘ப்ளீ’, அதாவது வழக்குரை, என்று சுருங்கிற்று. மூன்றாம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1362-ல், மக்களுக்கு விளங்காத பிரெஞ்சில் வழக்காடுவதை நிறுத்தி ஆங்கிலத்தில் வாதிக்க வேண்டும் என்று சட்டம் பிறந்தது. அச்சட்டமும் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது என்பதிலிருந்து, நியாய ஸ்தலத்தில் அம்மொழி எவ்வளவு ஆழ வேரூன்றியிருந்தது என்பதை அறியலாம்.

இக்குடும்பத்தில் தடம் மாறிய உறுப்பினர் ஒருவரும் உண்டு. இடைக்காலத்தில் கிறிஸ்தவ ஆலயங்களில் இறந்தோருக்காகப் பாடிய மாலைப் பிரார்த்தனை ‘ப்ளாசிபோ’, அதாவது ‘உவப்பளிப்பேன்’, என்ற சொல்லுடன் தொடங்கிற்று. பாத்தியதை இல்லாதவர் சிலர் கைப்பொருளை நாடி அதனைப் பாட வரவே, அச்சொல் முகஸ்துதிக்காரனுக்குப் பெயராயிற்று. ஆங்கிலக் கவி சாஸர் தம் கதை ஒன்றில் முகஸ்துதி செய்பவனுக்கு அப்பெயரையே இட்டார். நோய் தீர்ப்பதினும் நோயாளியை மகிழ்விப்பதற்கென்றே கொடுக்கப்படும் மருந்துக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் அது பெயராகி, இன்றும் வைத்திய நூல்களில் வாழ்கிறது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் வேண்டுகோளுக்கு முன் நின்ற சொல் பெரும்பாலும் ‘ப்ரே’, அதாவது ‘பிரார்த்திக்கிறேன்’ என்பதே. அவர் ‘ப்ளீஸ் யூ’ என்ற அளவுக்குத் தொடரைக் குறுக்கினாரேயன்றி, ‘ப்ளீஸ்’ என்று தனித்து ஆண்டதில்லை. பிற்காலத்தில்தான் அது தனிச்சொல்லாகி, பழைய ‘பிரார்த்தனை’யை வழக்கிலிருந்து அகற்றியது. தொடர் தேய்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. சொற்கள் தேயத்தான் செய்யும். ஆனால் உதிர்ந்தவற்றுள் ‘ஆயின்’ என்ற உறுப்பும் ஒன்று என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. உவப்பில்லையாயின் மறுக்கலாம் என்று எதிரிலிருப்பவருக்குத் திறந்து வைத்த கதவு அதுவே. அது போனபின் அச்சொல் கட்டளைக்கும் முன்னே நிற்கத் துணிந்துவிட்டது. தமிழிலோ ‘வாருங்கள்’ என்னும்போது மரியாதை வினையின் விகுதியிலேயே குடியிருப்பதால், தனியே ஒரு சொல்லை முன்னிறுத்த நேர்வது அரிது. ‘திருவுளமாயின்’ என்று நம் முன்னோர் சேர்த்துச் சொல்லுமிடத்தும் அந்த ‘ஆயின்’ உதிராமல் நிற்கிறது.

மன்னரின் உவப்போ இன்னும் மறையவில்லை. ஆளுநர் குடியரசுத் தலைவரின் உவப்பு உள்ளவரை பதவி வகிப்பார் என்று நம் அரசியல் சாசனத்தின் 156-வது விதி கூறுகிறது. 1862-ல் நிறுவப்பெற்ற சென்னை உயர் நீதிமன்றத்திலும் வழக்கறிஞர் எழுந்து, கறுப்பு அங்கியைச் சரிசெய்துகொண்டு, ‘மே இட் ப்ளீஸ் யுவர் லார்ட்ஷிப்’ என்று தொடங்கும்போது, தெருவில் துணுக்காகிவிட்ட அந்த வாக்கியம் தன் உடன்பிறப்பாகிய ‘ப்ளீ’ வாழும் கூடத்தில் முழு உருவுடன் நிற்கிறது.