பொலிஸும் பாளையமும்

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரை வெள்ளையர் 'பொலிகர்' என்று எழுதினர். பண்டைக் கிரேக்கரோ நகரைப் 'பொலிஸ்' என்றனர். ஒலி ஒத்திருக்கிறது, ஆகவே உறவும் உண்டு என்று சிலர் உரைக்கக்கூடும். ஒலி ஒப்புமை சான்றாகாது. பொலிஸுக்கு உறவு வடமொழிப் 'புரம்' என்பர் மொழிநூலார். பாளையமோ படை தங்கும் இடம். பகுத்தறிவு நம் மொழிப்பற்றுக்கும் வேண்டுமன்றோ?

பொலிஸ் பெண்பாற்பெயர். 'நகரை' எனின் பொலின். 'நகரினது' எனின் பொலெயோஸ். 'நகரங்களினது' எனின் பொலெயோன். நம் 'பாளையத்தை', 'பாளையங்களை' இரண்டிலும் ஐயுருபு ஒன்றே. கிரேக்கத்திலோ ஒரே ஈறு எண்ணையும் வேற்றுமையையும் சேர்த்தே சுமக்கிறது.

வடிவத்தினும் பொருள் பெரிது. தொடக்கத்தில் பொலிஸ் மேட்டுக்கோட்டையைக் குறித்தது. ஏதென்சு மக்கள் தம் அக்ரோபொலிஸை வெறுமனே 'பொலிஸ்' என்றே வழங்கியதைத் துசிடிடீசு குறித்துள்ளார். பின்னர்க் கோட்டை நகராயிற்று; நகர் குடிமக்கள் கூட்டமாயிற்று. குடிமகன் 'பொலித்தேஸ்', ஆட்சிமுறை 'பொலித்தெயா'. ஆயினும் பெண்ணுக்கும் அடிமைக்கும் அங்கே வாக்கில்லை!

அந்தப் பொலித்தெயாவே இலத்தீன் வழியே பிரெஞ்சுக்குச் சென்று 'போலீஸ்' ஆயிற்று. ஆங்கிலேயனோடு நம் கரிசல் மண்ணுக்கும் வந்தது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறை மீண்டு, இடிந்த கோட்டையை மறுபடி எழுப்பினார். மே 24 அன்று அதுவும் வீழ்ந்தது. கோட்டையைத் தரைமட்டமாக்கி, ஏரோட்டி, ஆமணக்கு விதைத்தனர். ஊரின் பெயரையே அரசு ஏடுகளிலிருந்து நீக்கினர். பாளையக்காரரின் காவலுரிமை பறிபோயிற்று. 1859 இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் பிறந்தது. குடிமக்களாட்சியைக் குறித்த சொல், குடிமகன் என எவனும் இல்லாத நாட்டில் தடியேந்தி நின்றது!

பெயரை அழித்தவன் ஆட்சி 1947 இல் மறைந்தது, பெயர் நிலைத்தது. 1974 இல் தமிழக அரசு அங்கே நினைவுக்கோட்டை எழுப்பியது. அதைக் காணச் செல்லும் இளைஞர் மதிலைப் போற்றுவதோடு மீளலாமா? கோட்டையைக் குறித்த சொல் மக்களைக் குறிக்க வளர்ந்ததே பொலிஸின் பெருமை; அம்மக்களுள் பலரை வெளியே நிறுத்தியதே அதன் சிறுமை. ஊருக்கும் சேரிக்கும் இடையே கோடு நீடிக்கும் வரை நாமும் மதிலுக்குள் சிலர், மதிலுக்கு வெளியே பலர் என்றே வாழ்கிறோம். அந்தக் கோட்டை அழிப்போம். அன்றே ஊர் என்ற சொல் முழுப்பொருள் பெறும்.