கம்போடியரின் ஆடற்கலையும் அதனைப் பேணும் நெறியும்

ஏட்டில் எழுதிய இலக்கியம் ஏடு உள்ளவரை வாழும். கல்லிற் செதுக்கிய சிற்பம் கல் உள்ளவரை நிற்கும். ஆடலும் இசையுமோ அவற்றைப் பயின்றோரின் உடலிலும் உள்ளத்திலுமே குடிகொண்டிருப்பன. கலைஞர் மறையின் கலையும் உடன் மறையும். ஆதலின், இக்கலைகளைத் தம் தேசிய அடையாளமாகப் போற்றும் மக்கள் அவற்றைக் காப்பதில் மிக்க விழிப்புடையராதல் வேண்டும். இவ்வுண்மையைப் பெருந்துயரின் வாயிலாக உலகிற்கு உணர்த்திய நாடு கம்போடியா ஆகும்.

கம்போடியரின் ஆடல் மரபு மிகத் தொன்மையானது. ஏழாம் சயவர்மன் காலத்து எழுந்த தா புரோம் கோயிற் கல்வெட்டு (1186), அக்கோயிலைச் சார்ந்து 615 ஆடன்மகளிர் இருந்தனர் எனக் கூறுகின்றது. அங்கோர் வாட் கோயிற் சுவர்களை அரம்பையர் உருவங்கள் அணிசெய்கின்றன. பிற்காலத்தில் இவ்வாடல் அரண்மனையின் ஆதரவில் வளர்ந்தது. இராமகீர்த்தி என்னும் பெயரின் திரிபாகிய 'ரியாம்கே', அதாவது கெமர் மக்களின் இராமகாதை, இதன் கதைகளுள் தலையாயது. பெண், ஆண், அரக்கன், குரங்கு என நால்வகைப் பாத்திரங்கள் இதில் உள. மரச்சட்டங்களாலான இசைக்கருவியும், வட்டமாக அமைத்த சேமக்கலங்களும், ஊதுகுழலும், இருமுக முழவும் சேர்ந்த 'பின்பியாத்' குழு இதற்குப் பக்கவாத்தியமாகும். குருவை வணங்கும் சடங்கு இம்மரபின் இன்றியமையாத கூறாகும்.

இக்கலையைப் பதிவுசெய்யும் முயற்சிகள் முன்னரும் நிகழ்ந்ததுண்டு. 1906ஆம் ஆண்டில் சிசோவத் மன்னருடன் பிரான்சுக்குச் சென்ற ஆடன்மகளிரைக் கண்டு வியந்த சிற்பி ரோடின் ஏறத்தாழ 150 ஓவியங்களைத் தீட்டினார். நொம்பெனிற் பிறந்த பிரெஞ்சு அறிஞர் குரோலியே 1913இல் இவ்வாடலைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். எனினும் ஓவியமும் எழுத்தும் ஓர் அபிநயத்தின் தோற்றத்தைக் காட்டுமேயன்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் அசைவைக் காட்டா.

1975ஆம் ஆண்டு ஏப்பிரல் 17ஆம் நாள் கெமர் ரூஜ் படையினர் நொம்பெனைக் கைப்பற்றினர். நகர மக்கள் வயல்களுக்கு விரட்டப்பட்டனர். கல்வியும் சமயமும் கலையும் ஒருங்கே ஒடுக்கப்பட்டன. 1979ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் அவ்வாட்சி வீழ்வதற்குள் பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கலைஞருள் பத்தில் ஒன்பதின்மர் மடிந்தனர் எனப் பொதுவாகக் கணிக்கப்படுகின்றது. எஞ்சியோர் தாம் கலைஞர் என்பதை மறைத்தே உயிர் பிழைத்தனர்.

அவர்களுள் ஒருவர் சியா சாமி. சிறுவயதிலேயே அரண்மனையிற் சேர்ந்து ஆடல் பயின்ற இவ்வம்மையார், அவ்வழிவை நடத்திய பொல் பொட்டின் அண்ணன் மனைவியாவார். தம் கணவரின் தம்பியே அவ்வாட்சியின் தலைவன் என்பதைப் பொது உணவுச்சாலையில் மாட்டப்பட்ட படத்தைக் கண்ட பின்னரே அவர் அறிந்தார். 1980களின் தொடக்கத்தில் நுண்கலைப் பள்ளி மீளத் திறக்கப்பட்டபோது, அவரும் உயிர்தப்பிய ஏனைய ஆசிரியரும் ஒன்றுகூடினர். ஒருவர் மறந்த அடவை மற்றொருவர் நினைவூட்ட, ஒருவர் மறந்த பாடலை வேறொருவர் எடுத்துரைக்க, அக்கலை மீண்டும் உருப்பெற்றது. ஒரு தேசத்தின் தொன்மரபு அன்று ஒருசில முதியோரின் நினைவிலேயே தங்கியிருந்தது.

அந்நினைவும் நிலையானதன்று. சியா சாமி 1994இலும், பெரும்புகழ் பெற்ற ஆடலரசி இளவரசி புப்பா தேவி 2019இலும் காலமாயினர். இந்நிலையிலேயே எண்ணிமத் தொழில்நுட்பம் துணைக்கு வந்தது. 2006இல் திரைப்பட இயக்குநர் ரித்தி பான் முதலியோர் நிறுவிய போபனா நிலையம், வெளிநாட்டுக் காப்பகங்களிற் சிதறிக் கிடந்த கம்போடியத் திரைப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் எண்ணிமப் படிகளாகத் திரட்டி, நொம்பெனில் எவரும் கட்டணமின்றிக் காண வகைசெய்தது. 2008இல் கெமர் ஆய்வு நிலையமும் நியூயோர்க் பொது நூலகமும் இணைந்து மற்றொரு திட்டத்தைத் தொடங்கின. ஆடுவோரை மட்டுமன்றி இசைஞர், பாடகர், ஆடை தைப்போர் ஆகியோரையும் பேச வைத்து, அவர்தம் அனுபவங்களை விழியப் பதிவுகளாக அது சேர்த்தது. அதே ஆண்டில் இவ்வரண்மனை ஆடல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

எண்ணிமப் பதிவின் பயன் பெரிது. படியெடுக்குந்தோறும் அதன் தெளிவு குன்றுவதில்லை. ஒரு படி ஓரிடத்தில் அழியினும் பிறிதோரிடத்தில் மற்றொன்று இருக்கும். கண்ணிமைப்பொழுதில் மறையும் அசைவையும் மாணவர் மெதுவாக்கிப் பன்முறை காணலாம். அந்நியர் காப்பகத்திலிருந்த ஒரு நாட்டின் செல்வம் அந்நாட்டார் கைக்கே மீளுதல் எல்லாவற்றிலும் மேலானது.

எனினும் அதன் எல்லையும் அறியத்தக்கது. பின்னோக்கி வளையும் விரல்களுக்குப் பெயர்பெற்ற இவ்வாடலில், சிறுமியரின் விரல்களை நாடோறும் பிடித்து வளைத்துப் பழக்குவது ஆசிரியரின் கையே; அச்செயலைப் படக்கருவி காட்டலாம், செய்ய இயலாது. கருவிகளும் கோப்பு வடிவங்களும் விரைந்து பழமையடைதலின், பதிவுகளைக் காலந்தோறும் புதிய வடிவிற்கு மாற்றுதலும் வேண்டும். மேலும், பதிவான ஒன்றே மாறா இலக்கணம் எனக் கொள்ளின் கலை உறைந்துவிடும். இன்று கம்போடியாவின் சின்னமாக விளங்கும் அரம்பையர் நடனமே, கோசமக் அரசியார் இருபதாம் நூற்றாண்டில் தம் பேர்த்தி புப்பா தேவிக்காகப் புதிதாய் அமைப்பித்ததன்றோ?

1979இல் கம்போடியருக்குப் பதிவுகள் மட்டும் எஞ்சி ஆசிரியர் எவரும் எஞ்சாதிருப்பின், அவர்தம் ஆடல் இன்று காட்சிச்சாலைப் பொருளாய் இருந்திருக்கும். ஆசிரியர் எஞ்சினர், கலையும் எஞ்சியது. ஆதலின் பதிவு என்பது ஆசிரியருக்கு மாற்றன்று. அவர் மறைந்த பின்னும் அவர்தம் மாணவருக்கு வழிகாட்டும் விளக்கேயாகும். முதியோர் உயிருடன் உள்ளபோதே பதிவுசெய்தலும், இளையோர் அவர்களிடம் நேரிற் பயிலுதலும் ஒருங்கே நிகழும் நாட்டிலேயே ஆடலும் இசையும் நிலைபெறும்.