பழைய சுவரும் புதிய பின்கட்டும்

சேலத்துக்கு அருகே ஏற்காடு மலையில், மஞ்சக்குட்டை போன்ற சிற்றூர்களைச் சுற்றிக் காப்பித் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இம்மலையில் காப்பியைப் பரப்பினார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றோடு கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பங்களாக்களும் எழுந்தன. அத்தகைய வீடு ஒன்று கவனிப்பாரின்றிப் பாழடைந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டைச் செப்பனிட வேண்டும். இடிந்த பின்கட்டைத் திரும்பக் கட்ட வேண்டும். முதலில் எதை வாங்குவீர்கள்? சிமெண்டு மூட்டையைத்தானே! அங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. ஏன் என்று பார்ப்போம்.

சிமெண்டு வயதில் இளையது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 'போர்ட்லண்டு சிமெண்டு' என்ற பெயரில் காப்புரிமை பெற்றது 1824-ல். அது நம் நாட்டில் பரவலான பொருளாக ஆனது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் கோயிலானாலும் அணையானாலும் காரைக்குப் பெரும்பாலும் சுண்ணாம்புதான். 1895-ல் முடிந்த பெரியாறு அணையின் உட்பகுதியே சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவையால் ஆனது. சுட்ட செங்கல்லின் பொடியே சுர்க்கி.

சுண்ணாம்பு எவ்வாறு இறுகுகிறது? சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. தூய கல் 100 கிலோவைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பே. அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் வைத்தால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகிறது எனலாம். இதற்கு மாதங்கள், சில வேளை ஆண்டுகள்கூட ஆகும்.

இவ்வாறு இறுகிய காரையில் நுண்ணிய துளைகள் நிறைந்திருக்கும். மழைக்காலத்தில் சுவருக்குள் புகும் ஈரம் வெயில் காலத்தில் அத்துளைகள் வழியே ஆவியாகிவிடும். சேர்வராயன் மலையின் கல்லைப் புவியியலார் 'சார்னோக்கைட்' என்பர். தாமஸ் ஹாலண்டு என்ற அறிஞர், கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைக் கொண்டு 1893-ல் இட்ட பெயர் அது. இக்கல் நீரை எளிதில் உறிஞ்சாது. ஆகவே இங்குள்ள கற்சுவர் மூச்சு விடுவது கல்லால் அன்று, கல்லுக்கு இடையிலுள்ள காரையால்தான். அந்த இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துப் பூசினால் என்ன ஆகும்? உள்ளே போன நீர் வெளியே வர வழியில்லை. ஈரத்தில் கரைந்த உப்புகள் பூச்சுக்குப் பின்னால் படிகமாகி விரிந்து, பழைய காரையைப் பொடியாக்கும். உத்திரத்தின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துப் போகும். வெளியே வீடு புதிதாகத் தெரியும்; உள்ளே அழியும்.

இது வெறும் ஏட்டுப் பாடமன்று. சென்னையில் நடந்த பெரிய வேலை ஒன்று இதற்குச் சான்று. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவுக்காகச் சேப்பாக்கம் அரண்மனை 1768-ல் கட்டப்பட்டது. அதில் கலச மகால், ஹுமாயூன் மகால் என இரு பகுதிகள். அரண்மனை ஆங்கில அரசின் கைக்கு வந்தபின், ராபர்ட் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் இரண்டுக்கும் இடையே ஒரு கோபுரத்தை எழுப்பினார். பழையதை இடிக்காமல் புதியதைச் சேர்த்த வேலை அது.

2012 ஜனவரியில் கலச மகாலில் தீப்பிடித்தது. கூரை சரிந்தது, தீயை அணைக்கச் சென்ற அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். எஞ்சி நின்றவை தடித்த சுவர்களே. இடித்துத் தள்ளிவிட்டுக் கான்கிரீட்டில் கட்டியிருக்கலாம். ஆனால் பொதுப்பணித் துறையினர் சுண்ணாம்புக் காரையாலேயே அதை மீட்டனர். தேக்கு உத்திரங்களின்மேல் செங்கற்களைக் குத்துக்கல்லாக அடுக்கும் 'மெட்ராஸ் டெரஸ்' கூரையையும் மறுபடி அமைத்தனர். இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது.

இனி நம் பின்கட்டுக்கு வருவோம். பழைய வீடு தன் பாரத்தை மண்ணில் இறக்கி, அமிழ வேண்டிய அளவு எப்போதோ அமிழ்ந்துவிட்டது. புதிய கடைக்காலோ இனிமேல்தான் அமிழும். இரண்டையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினால், புதியது இறங்கும்போது பழையதையும் இழுத்து வெடிக்க வைக்கும். எனவே புதிய சுவர் தன் கடைக்காலில் தானே நிற்கட்டும். இரண்டுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடைக்க வேண்டும். இரு கூரைகள் சந்திக்கும் பள்ளத்தில் தகடு பதித்து நீரை வெளியேற்ற வேண்டும். பின்கட்டுச் சிமெண்டாலேயே அமைந்தாலும், பழைய சுவரைத் தொடும் பூச்சு சுண்ணாம்பாக இருக்கட்டும்.

வேலை தொடங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். பழைய வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு புறமும் ஒட்டி, தேதியை எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் கழியட்டும். கண்ணாடி உடையவில்லை என்றால், அக்காலத்தில் சுவர் அசையவில்லை என்று பொருள், பூசினால் போதும். உடைந்தால் முதலில் கடைக்காலைத் தோண்டிப் பாருங்கள்.

சுண்ணாம்பு நீற்றவும் அரைக்கவும் பூசவும் அறிந்த கொத்தனார்கள் இன்று அருகி வருகிறார்கள். பாழடைந்த ஒரு வீட்டை முறையாகச் செப்பனிடும்போது, அவர்களிடம் ஓர் இளைஞரும் அத்தொழிலைக் கற்றுக்கொள்கிறார். வீட்டோடு சேர்ந்து அந்த அறிவும் பிழைக்கிறது.