சூரியப் புள்ளிகளும் சிறு தொலைநோக்கிகளும்: ஆர்வலர் பதிவேடுகளின் வரலாற்றுப் பயன்

முன்னுரை

அறிவியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பு நிகழ்ந்த கணத்தையே மையமாகக் கொள்கின்றனர். ஒரு மேதை, ஒரு கருவி, ஒரு நாள் என்னும் வரிசையில் வரலாறு சொல்லப்படுகிறது. சூரியப் புள்ளிகளின் வரலாறு இப்போக்கிற்கு எளிதில் இடம் தருவதில்லை. ஒரு புள்ளியைக் காண ஒரு நாள் போதும். புள்ளிகள் பெருகிக் குறையும் ஒழுங்கைக் காணப் பல்லாண்டுகள் வேண்டும். அப்பல்லாண்டு உழைப்பை நல்கியவர்களுள் பலர் வானியலைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்கள் ஆவர். அவர்கள் கையாண்டவை சிறு தொலைநோக்கிகளே. ஜெர்மானிய ஆர்வலர் சாமுவேல் ஹைன்ரிக் ஷ்வாபேயின் (1789–1875) பதிவேட்டை முதன்மைச் சான்றாகக் கொண்டு, நாள்தோறும் எழுதப்பட்ட ஒரு பதிவேடு எவ்வாறு வரலாற்றுச் சான்றாக உயர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஷ்வாபேக்கு முந்தைய நிலை

வெறுங்கண்ணால் கண்ட புள்ளிகளைச் சீனர்கள் கிறித்துவுக்கு முன்னரே குறித்துள்ளனர். தொலைநோக்கிவழிக் கண்டவர்களுள் இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் 1610ஆம் ஆண்டின் இறுதியில் வரைந்த படமே மிகப் பழையது. யோஹன்னஸ் ஃபாப்ரீசியஸ் 1611இல் இப்பொருள் பற்றிய முதல் நூலை அச்சிட்டார். கலிலியோவின் சூரியப் புள்ளி மடல்கள் 1613இல் வெளிவந்தன. சூரியனின் உருவைத் தொலைநோக்கியின் பின்னே வைத்த தாளில் விழச்செய்து, அதன்மேலேயே புள்ளிகளை வரையும் முறையை வகுத்தவர் கலிலியோவின் மாணவரான பெனடெட்டோ காஸ்டெல்லி ஆவார். கண்ணுக்குத் தீங்கு நேராமல் சூரியனைப் பதிவுசெய்ய இன்றும் ஆர்வலர் இம்முறையைக் கையாளுகின்றனர்.

முதல் வியப்பு அடங்கியபின் தொடர்ச்சியான நோக்கல் அருகியது. 1645 முதல் 1715 வரை புள்ளிகளே மிக அரிதாயின. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு நியூரம்பர்க் நகர ஆர்வலர் யோஹான் காஸ்பர் ஸ்டாவுடாகர் 1749இல் தொடங்கி வரைந்த படங்கள் முதன்மைச் சான்றாகின்றன. எனினும், புள்ளிகளின் தோற்றத்தில் ஒழுங்கு ஏதுமில்லை என்னும் கருத்தே அக்கால வானியலாரிடையே நிலவியது.

டெசாவ் நகர மருந்தாளர்

ஷ்வாபே டெசாவ் நகரில் மருந்தகம் நடத்தியவர். புதன் கோளின் சுற்றுப்பாதைக்கு உள்ளே இன்னொரு கோள் இருக்கலாம் என்னும் எண்ணம் அந்நாளில் இருந்தது. அக்கோள் சூரியனின் முகத்தைக் கடக்கும்போது கரும்புள்ளியாகத் தெரியவேண்டும். அதனைப் பிற புள்ளிகளிலிருந்து பிரித்தறியும் பொருட்டு 1825இல் அவர் சூரியனை நாள்தோறும் நோக்கத் தொடங்கினார். 1829இல் மருந்தகத்தை விற்றுவிட்டு முழுமையாக இப்பணியில் ஈடுபட்டார்.

அவர் தேடிய கோள் கிடைக்கவில்லை; அத்தகைய கோள் இல்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அதனைத் தேடுவதற்கென எழுதிய பதிவேடு, தேடாத ஒன்றைக் காட்டியது. 1826 முதல் 1843 வரையிலான பதினெட்டு ஆண்டுகளின் பதிவுகளைத் தொகுத்து, ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகிக் குறைகின்றன என்னும் கருத்தை ஒரு சிறு குறிப்பாக வானியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அது 1844இல் அச்சாயிற்று. இக்கால அளவு நிலையானதா என்பதை எதிர்காலமே சொல்லவேண்டும் என்ற அடக்கத்துடன் அவர் அதனை முடித்திருந்தார்.

மூன்று நிரல்களின் சான்று

ஷ்வாபேயின் அட்டவணை ஒவ்வோர் ஆண்டிற்கும் மூன்று செய்திகளைத் தருகிறது: கண்ட புள்ளிக்கூட்டங்களின் எண்ணிக்கை, புள்ளியே இல்லாத நாள்கள், சூரியனை நோக்கிய நாள்கள். 1828இல் 225 கூட்டங்கள். நோக்கிய 282 நாள்களுள் புள்ளியற்ற நாள் ஒன்றுகூட இல்லை. 1833இல் 33 கூட்டங்கள் மட்டுமே. நோக்கிய 267 நாள்களுள் 139 நாள்கள் புள்ளியற்றவை. 1837இல் 333 கூட்டங்கள். 1843இல் மீண்டும் 34 கூட்டங்களாகக் குறைந்து, புள்ளியற்ற நாள்கள் 149 ஆயின.

முதல் நிரல் மட்டும் இருந்திருப்பின், வானம் தெளிந்த ஆண்டில் மிகுதியாகவும் மேகம் சூழ்ந்த ஆண்டில் குறைவாகவும் கண்டிருப்பார் என்று ஒருவர் மறுத்துரைக்க இடமுண்டு. மூன்றாம் நிரல் அம்மறுப்பிற்கு விடையாகிறது. 333 கூட்டங்கள் காணப்பட்ட 1837ஆம் ஆண்டில் அவர் நோக்கிய நாள்கள் 168 மட்டுமே. பதினெட்டு ஆண்டுகளில் மிகக் குறைந்த எண்ணிக்கை இதுவே. மிகக் குறைவாகப் பார்த்த ஆண்டில் மிக அதிகமாகக் கண்டார் என்பதால், ஏற்ற இறக்கம் டெசாவ் நகரின் வானிலையைச் சார்ந்ததன்று என்பது உறுதியாகிறது. தாம் கண்டதை மட்டுமன்றி, தாம் எத்தனை நாள் பார்த்தார் என்பதையும் எழுதிவைத்ததே ஷ்வாபேயின் பதிவேட்டிற்குச் சான்றின் தகுதியை அளித்தது எனலாம்.

ஏற்பும் தொடர்ச்சியும்

1844ஆம் ஆண்டுக் குறிப்பு பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட் தம் 'காஸ்மாஸ்' நூலின் மூன்றாம் தொகுதியில் அதனை விரிவாக்கி எடுத்தாண்ட பின்னரே அறிஞருலகம் திரும்பிப் பார்த்தது. 1857இல் இலண்டன் அரச வானியல் கழகம் ஷ்வாபேக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் வோல்ஃப், பழம்பதிவுகளைத் திரட்டிச் சுழற்சியின் சராசரி அளவு பதினோர் ஆண்டு அளவினது என நிறுவினார். கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, நோக்குநருக்கு உரிய ஒரு காரணியால் பெருக்கும் சூத்திரத்தை அவர் 1848இல் வகுத்தார். அக்காரணியே பல ஊர்களில் பல கருவிகளால் கண்டவற்றை ஒரே தொடராக இணைக்க உதவியது. வோல்ஃப் பயன்படுத்திய தொலைநோக்கியின் விட்டம் 8 சென்டிமீட்டர் மட்டுமே என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கிலாந்தில் மதுவடிப்பாளர் ஒருவரின் மகனான ரிச்சர்ட் கேரிங்டன், தம் சொந்த நோக்ககத்தில் 1853 முதல் 1861 வரை புள்ளிகளின் இடங்களை அளந்து, சூரியனின் நடுக்கோட்டுப் பகுதி பிற பகுதிகளைவிட விரைவாகச் சுழல்வதைக் காட்டினார். 1859 செப்டம்பர் 1ஆம் நாள் திரையில் விழுந்த சூரியவுருவை வரைந்துகொண்டிருந்தபோது, புள்ளிக்கூட்டம் ஒன்றின்மேல் திடீர் வெள்ளொளி எழக் கண்டார். ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்னும் மற்றோர் ஆர்வலரும் தனியே அதனைக் கண்டிருந்தார். ஏறத்தாழப் பதினேழரை மணி நேரத்தில் பெரும் காந்தப் புயல் புவியைத் தாக்கித் தந்திப் போக்குவரத்தைக் குலைத்தது.

ஆர்வலர் மரபு தமிழகத்தையும் எட்டியது. இங்கிலாந்தில் ஆர்வலராகச் சூரிய நிறமாலையை ஆராய்ந்துவந்த ஜான் எவர்ஷெட், 1907இல் கோடைக்கானல் நோக்ககத்தில் பணியேற்றார். புள்ளிகளின் புறப்பகுதியில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அங்கே கண்டறிந்தார். அந்நோக்ககத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரிய ஒளிப்படத் தகடுகள் இன்று எண்ணிம வடிவம் பெற்று ஆய்வுக்குப் பயன்படுகின்றன.

'இல்லை' என்பதும் 'பார்க்கவில்லை' என்பதும்

இப்பதிவேடுகளின் மதிப்பு அண்மையில் மீண்டும் வெளிப்பட்டது. 1998இல் தொகுக்கப்பட்ட ஒரு பெரும் தரவுத்தொகுதியில், பதினேழாம் நூற்றாண்டின் பல நாள்கள் புள்ளியற்ற நாள்களாகக் கணக்கிடப்பட்டிருந்தன. புள்ளிகளைப் பற்றி எதுவும் சொல்லாத குறிப்புகளும் பொதுப்படையான கூற்றுகளும் 'இல்லை' என்னும் சான்றாகக் கொள்ளப்பட்டதே இதற்கு ஒரு காரணம். 2016இல் வெளியான திருத்தப்பட்ட தொகுதி அத்தகைய பதிவுகளை நீக்கியது. பார்த்தும் காணாமையும் பாராமையும் வேறு வேறு என்பதை ஷ்வாபேயின் மூன்று நிரல்கள் முன்னரே தெளிவாகப் பிரித்துக் காட்டியிருந்தன.

நிறுவனப் பதிவுகளும் பிழைக்கு அப்பாற்பட்டவையல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சூரிச்சில் பெரிய புள்ளிகளை ஒன்றுக்கு மேற்பட்டவையாக எண்ணும் வழக்கம் புகுந்ததால் தொடர் செயற்கையாக உயர்ந்தது. 1981 முதல் இத்தொடரைப் பேணிவரும் பிரஸ்ஸல்ஸ் மையம் 2015இல் அதனைத் திருத்தி வெளியிட்டது. கூட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு 2016இல் செய்யப்பட்ட ஒரு மீட்டுருவாக்கம் ஸ்டாவுடாகர், ஷ்வாபே, சூரிச் வானியலார் வோல்ஃபர், ஜப்பானின் ஹிசாகோ கோயாமா ஆகிய நால்வரின் பதிவுகளை முதுகெலும்பாகக் கொண்டது. கோயாமா ஆர்வலராகத் தொடங்கி, டோக்கியோ அருங்காட்சியகம் ஒன்றில் பணியாற்றிக்கொண்டே 20 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் பல்லாண்டுகள் புள்ளிகளை வரைந்தவர். இம்மீட்டுருவாக்க முறை பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் மூலப்பதிவுகளின் இன்றியமையாமையை எவரும் மறுப்பதில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, சூரியச் சுழற்சியை வெளிப்படுத்தியது கருவியின் பெருமை அன்று. ஒரே முறையை விடாது பேணிய ஒழுக்கமே. இரண்டாவது, வெறுமையையும் பதிவுசெய்தவர்களின் ஏடே காலத்தை வென்று நிற்கிறது. மாணவர்க்குக் களப்பணி கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும். மொழித்தரவு திரட்டினாலும் கல்வெட்டுத் தேடினாலும், கிடைத்தவற்றின் பட்டியலோடு எங்கெங்குத் தேடினோம், எங்குக் கிடைக்கவில்லை என்னும் பட்டியலையும் இணைக்கப் பழக்குதல் வேண்டும். அப்பட்டியல் இல்லாத தரவு, மூன்றாம் நிரல் இல்லாத அட்டவணையை ஒத்ததாகும்.