கண்டி உயர்கல்வியில் மாற்றுத்திறனாளி மாணவர்: ஆதரவுச் சேவைகளின் வரலாறு

கண்டி நகரும் அதை ஒட்டிய பேராதனை, பொல்கொல்லை, குண்டசாலை, திகன முதலிய ஊர்களும் இலங்கையின் மலைநாட்டில் உயர்கல்விக்கு நடுவிடமாக விளங்குகின்றன. விழிப்புலனற்றோர், செவிப்புலனற்றோர், நடமாட்டம் குன்றியோர், போரில் உறுப்பிழந்தோர் ஆகியோர் இங்கே பட்டப்படிப்பைத் தொடங்கி முடிப்பதற்குத் துணைநிற்கும் ஏற்பாடுகளே மாணவர் ஆதரவுச் சேவைகள். பாடக்குறிப்பைப் பிரெய்லிலோ ஒலிவடிவிலோ தருவது, பரீட்சையில் சொல்வதை எழுத ஓர் ஆளையும் கூடுதல் நேரத்தையும் ஒதுக்குவது, சைகைமொழி பெயர்ப்பாளரை அமர்த்துவது, சக்கர நாற்காலி ஏறும் சரிவுப்பாதை அமைப்பது, விடுதியில் கீழ்த்தள அறை கொடுப்பது ஆகியன இதில் அடங்கும். இவற்றின் வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. இலங்கை தன் மாணவரைப் பல்கலைக்கழக வாசல்வரை உரிமையோடு அழைத்து வந்தது. வாசலைத் தாண்டியபின் அவர்களை நண்பர்களின் இரக்கத்திடம் ஒப்படைத்தது. அனுமதி கொடுப்பதோடு கடமை முடிந்துவிட்டது என்று எண்ணியதே இந்தக் குறைக்கு வேர்.

தொடக்கம்

இலங்கையில் விழிப்புலனற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கான முறையான கல்வி 1912இல் மேரி சாப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரி தெஹிவளையில் நிறுவிய பாடசாலையோடு தொடங்கியது. அப்பாடசாலை பின்னர் இரத்மலானையில் வேரூன்றியது. வடக்கில் கைதடி நவீல்ட் பாடசாலை தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடமளித்தது. கண்டி தொடன்வலையில் செங்கடகல செவிப்புலனற்றோர் பாடசாலை இயங்குகிறது. இவை யாவும் தனிப்பாடசாலைகள். ஊரிலிருந்தும் பிற பிள்ளைகளிடமிருந்தும் பிரித்துவைத்துக் கற்பித்தாலும், எழுத்தே எட்டாதிருந்தவர்களுக்கு எழுத்தை எட்டச் செய்த பெருமை அவற்றுக்கு உண்டு. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. கட்டணம் என்ற தடை நீங்கியதும், படித்த விழிப்புலனற்ற பிள்ளையும் பல்கலைக்கழகத்தை நாட வழி திறந்தது. ஆனால் இலவசக் கல்வி கட்டணத்தை மட்டுமே நீக்கியது. படிக்கட்டும் அச்சுப்புத்தகமும் கரும்பலகையும் இருந்தபடியே இருந்தன.

பேராதனை வளாகம்

ஐவர் ஜெனிங்ஸ் முதல் உபவேந்தராக இருந்து 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1952இல் பேராதனையில் குடியேறியது. மகாவலி கங்கைக்கும் அந்தானை மலைச்சரிவுக்கும் இடையே பாட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும் வளாகத்தைத் திட்டமிட்டனர். ஷேர்லி டி அல்விஸ் கட்டடங்களை வடிவமைத்தார். ஆசியாவின் எழில்மிகு வளாகங்களுள் ஒன்றாக இது போற்றப்படுவது தகும். ஆயினும் மேடும் பள்ளமும் படிகளும் நீண்ட நடையும் நிறைந்த இந்த வளாகம், நன்றாக நடக்கவும் பார்க்கவும் கூடிய மாணவரை மட்டும் மனத்திற்கொண்டு எழுந்தது. கல்வியே அனைவருக்கும் கண் என்ற பொருள்தரும் சமஸ்கிருத வாசகத்தைத் தன் குறிக்கோளாகக் கொண்ட பல்கலைக்கழகம் இது. அந்த வாசகத்தில் உள்ள ‘அனைவருக்கும்’ என்ற சொல்லை மெய்ப்பிக்கும் கடமை அன்றே அதன்மேல் விழுந்துவிட்டது.

இதே காலத்தில் உலகின் மறுபுறம் வேறொரு பாதை பிறந்தது. 1944 ஜூனில், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்குக் கல்விச் செலவு தரும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது. அச்சட்டத்தால் கல்லூரிகளுக்கு வந்தவர்களில் காலிழந்தோரும் முள்ளந்தண்டு அடிபட்டோரும் இருந்தனர். 1948இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் திமோத்தி நுஜென்ட் அவர்களுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கினார். சரிவுப்பாதைகளும் பாரந்தூக்கி பொருத்திய பேருந்துகளும் அங்கிருந்து பரவின. போர்வீரருக்காகப் போட்ட பாதையில் போருக்கே போகாத மாணவரும் சென்றனர். 1973இல் அமெரிக்க மறுவாழ்வுச் சட்டம், கூட்டாட்சி அரசின் நிதிபெறும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளியை ஒதுக்கலாகாது என்று விதித்தது. காயம் எப்படி வந்தாலும் தேவை ஒன்றே என்பதை அங்கு அனுபவமே கற்பித்தது. இலங்கையில் அந்தப் பாடம் வேறுவிதமாகப் பிரிந்துபோயிற்று.

இரு கதவுகள்

1978இன் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, வழமையான உயர்தரப் பரீட்சை இசட் புள்ளி வழிக்கு அப்பால் சில சிறப்பு அனுமதி வகைகளையும் வைத்திருக்கிறது. விழிப்புலனற்ற மற்றும் மாற்றுத்திறனாளி விண்ணப்பதாரர் அவற்றில் ஒரு வகையினர். முப்படை, பொலிஸ் சேவையில் சேர்ந்தோர் இன்னொரு வகையினர். இவ்விரு கதவுகளும் உள்ளே ஓர் ஆதரவு அமைப்பில் சேர்ந்திருக்க வேண்டும். வெளியே நிலவிய அரசியல் அவற்றை வேறு உலகங்களாக்கியது. படைவீரர் நலனுக்காக 1999இன் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை உருவாயிற்று. ஊனமுற்ற வீரருக்கு ராகமையில் ‘ரணவிரு செவன’, அநுராதபுரத்தில் ‘அபிமன்சல’ போன்ற இல்லங்கள் எழுந்தன. வீரருக்குக் கிடைத்தது நன்றிக்கடன். பிறவியிலேயே பார்வையற்றவருக்குக் கிடைத்தது தருமம். குண்டுச்சிதறலில் கையிழந்த வன்னிச் சிறுமிக்கு இரண்டில் எதுவும் எளிதில் கிட்டவில்லை. உள்நாட்டுப் போரின் முடிவில் புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட்ட ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளிலும் உறுப்பிழந்தோர் பலர் இருந்தனர். பேராதனை வகுப்பறைக்குள் இவர்கள் நால்வரும் வந்தால் நால்வருக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஏறக்கூடிய வழி, வாசிக்கக்கூடிய பாடம், எழுதக்கூடிய பரீட்சை.

ஊனம் வளாகத்துக்கு வெளியிலிருந்தே வரும் என்ற எண்ணமும் பிழை. 1970களின் நடுப்பகுதியில், பேராதனை ராமநாதன் விடுதியில் பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்த விவசாய பீட மாணவி ஒருவரின் உடல் செயலிழந்தது. பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் 1998இல்தான் வந்தது. நல்ல உடலோடு சேர்ந்தவரும் படிக்கும் காலத்திலேயே மாற்றுத்திறனாளியாகலாம். ஆதலால் அனுமதிப் பட்டியலில் எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணிப்பார்த்து அதற்கேற்ப ஏற்பாடு செய்வது போதாது. ஏற்பாடு எப்போதும் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

சட்டங்கள்

1988இல் பொது நிருவாகச் சுற்றறிக்கை 27/88, அரச வேலைகளில் நூற்றுக்கு மூன்றை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் அவர்கள் உரிமைகளைப் பாதுகாக்க வந்து தேசிய சபை ஒன்றை அமைத்தது. 2003இல் தேசியக் கொள்கையும், 2006இல் கட்டடங்களில் அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகளும் வெளியாகின. சக்கர நாற்காலியிலிருந்தே போராடிய அஜித் சி. எஸ். பெரேராவின் வழக்கில், புதிய பொதுக்கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமையவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011இல் கட்டளையிட்டது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளி உரிமைச் சமவாயத்தில் 2007இல் ஒப்பமிட்ட இலங்கை, 2016இல்தான் அதை ஏற்புறுதி செய்தது. அதே 2016இல் இந்தியா இயற்றிய சட்டம், அரச உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது நூற்றுக்கு ஐந்து இடங்களை ஒதுக்கவேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது 8.7 வீதத்தினர், ஏதோவொரு வகையில் வலுவிழந்தவர்கள். விதிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஒவ்வொரு வளாகத்திலும் அவ்விதிகளைச் செயலாக்கும் பொறுப்பு இன்னாருடையது என்று கைகாட்ட முடியாதிருந்ததே பஞ்சம்.

மொழியும் எழுத்துருவும்

கண்டிப் பகுதியின் தமிழ் மாணவருக்கு இன்னொரு தடை உண்டு. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை தோட்டங்களின் பாடசாலைகள் 1970களில்தான் அரசின் கைக்கு வந்தன. அங்கே பிறக்கும் பார்வையற்ற பிள்ளைக்குத் தமிழ்வழிப் பிரெய்ல் கற்பிக்கும் ஆசிரியர் கிடைப்பதே முதல் தடை. அதைக் கடந்து பேராதனைக் கலைப்பீடத்துக்கு வந்தாலும் பாடக்குறிப்பு என்ன வடிவில் கிடைக்கிறது என்ற கேள்வி எழும். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் இன்று தமிழையும் வாசிக்கின்றன. ஆனால் இலங்கையில் பரவலாகப் பயன்படும் பாமினி எழுத்துருவில் தட்டச்சான குறிப்பை அவை தமிழாக அறியா. பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே ஒலிக்கும். நிழற்பிரதியெடுத்த குறிப்பிலோ அந்த ஒலியும் இல்லை. விரிவுரையாளர் ஒருவர் தம் குறிப்பை யுனிகோட்டில் தட்டச்சு செய்து கோப்பாகத் தந்தால் பெரிய தடையொன்று ஒரே நாளில் நீங்கும். பொல்கொல்லையில் பிராந்திய நிலையம் கொண்ட திறந்த பல்கலைக்கழகம் விசேட தேவைக் கல்விக்கெனத் தனித்துறை வைத்திருக்கிறது. பேராதனையின் இணை சுகாதார விஞ்ஞான பீடம் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரைப் பயிற்றுகிறது. திகனவில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. ஒரு மணிநேரப் பயண எல்லைக்குள் இத்தனை அறிவு குவிந்திருக்கும் நகரம் இலங்கையில் வேறு அதிகமில்லை. இவற்றை ஒருங்கிணைத்து மாணவருக்குச் சேர்ப்பதே எஞ்சியிருக்கும் வேலை.

மறுப்புகளும் விடைகளும்

ஏழை நாட்டுக்கு இது தாங்காது என்பது முதல் மறுப்பு. 13 ஆண்டு பாடசாலைக் கல்விக்குச் செலவிட்ட அரசு, கடைசி மூன்று நான்கு ஆண்டில் அம்மாணவரைக் கைவிட்டால் வீணாவது முன்னைய செலவே. மேலும் விரிவுரையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றவும், கோப்பைச் சரியான எழுத்துருவில் தரவும் பெருநிதி தேவையில்லை. மலைச்சரிவை மாற்றமுடியாது என்பது இரண்டாவது மறுப்பு. அந்தானையை மட்டப்படுத்த யாரும் கேட்கவில்லை. நேரசூசியையும் அறை ஒதுக்கீட்டையும் வாகன வசதியையும் அம்மாணவரை நினைவிற்கொண்டு வகுத்தால் மேட்டின் கடுமை பெரிதும் தணியும். கூடுதல் நேரம் தரத்தைக் குறைக்கும் என்பது மூன்றாவது மறுப்பு. வினாவும் விடையின் மதிப்பீடும் மாறுவதில்லை. விடை தாளில் ஏறும் வழி மட்டுமே மாறுகிறது. கைவிரலின் வேகத்தை அளப்பது வரலாற்றுப் பரீட்சையின் நோக்கமன்று. நாட்டுக்காகப் போரிட்டவருக்கு முதலிடம் வேண்டாமா என்பது நான்காவது. ஓய்வூதியமும் கௌரவமும் அவருக்குத் தனியாக உண்டு, இருக்கவும் வேண்டும். வகுப்பறையில் அவருக்கென அமைக்கும் சரிவுப்பாதை பிறருக்கும் பயன்படுவதால் அவருக்கு எந்தக் குறையும் நேராது. தமிழ் வாசகரும் இதே நியாயத்தை மறுபக்கத்திலிருந்து ஏற்கவேண்டும். படைவீரரின் காயத்தையும் காயமாகவே காணும் அமைப்புதான் நம் பிள்ளைகளின் காயத்தையும் மறைக்காமல் காணும்.

மதிப்பீடு

தொண்டர்களின் பாடசாலையிலிருந்து இலவசக் கல்விக்கும், அங்கிருந்து சிறப்பு அனுமதிக்கும், பின் உரிமைச் சட்டத்துக்கும் வந்த இந்த வரலாற்றில் ஒவ்வொரு படியும் உண்மையான முன்னேற்றம். எஞ்சியிருப்பது கடைசிப் படி. ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் தனி அலுவலரும் தனி நிதியும் கொண்ட, மும்மொழியிலும் இயங்கும் ஆதரவுப் பிரிவு நிலையாக அமையவேண்டும். ஊனம் எந்தக் காரணத்தால் வந்தது என்று கேட்காமல், படிக்க என்ன வேண்டும் என்று மட்டும் கேட்பது அதன் முதல் விதியாகவேண்டும். அதுவரை கண்டியின் இலவசக் கல்வி எல்லோருக்கும் உரிய கல்வி ஆகாது.