தனிப் பயணமும் பொதுச் சாலையும்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தன்னந்தனியாகக் கார் ஓட்டிப் போவதைத் தனிமனித சுதந்திரத்தின் உச்சம் என்பார்கள். வரலாறு வேறு கணக்குச் சொல்கிறது: அந்தத் தனிமையைச் சாத்தியமாக்கியது பெரும்பாலும் பொதுப்பணம். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் 1915-இல்தான் கார்களை அனுமதித்தார்கள். மறு ஆண்டே, மாநிலங்களின் சாலைப் பணிக்கு மத்திய அரசு நிதி தரும் சட்டம் வந்தது. யூட்டா மாநிலத்தின் சையான் பூங்கா நல்ல சான்று. அங்கே செங்குத்தான மணற்கல் மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கும் அதிக நீளமுள்ள சுரங்கப்பாதையை 1930-இல் திறந்தார்கள். பாறைச்சுவரில் பெரிய சாளரங்களை வெட்டி, உடைத்த கல்லை அவற்றின் வழியே வெளியே தள்ளினார்கள்; காற்றும் வெளிச்சமும் அவற்றின் வழியேதான் உள்ளே வந்தன.

சாலை வருமுன்பே துணிந்து போனவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள். 1903-இல் ஹொரேஷியோ ஜாக்சன் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை காரிலேயே போனார். 63 நாள் ஆயிற்று. ஆனால் அவரும் தனியாகப் போகவில்லை, கூடவே ஒரு மெக்கானிக் இருந்தார். சாலை போட்ட பிறகாவது அது எல்லாருக்கும் பொதுவாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. கறுப்பினத்தவருக்குப் பல ஊர்களில் அறையும் சாப்பாடும் மறுக்கப்பட்டதால், அவர்களை ஏற்கும் இடங்களைத் தொகுத்து விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் வழிகாட்டி நூல் வெளியிட்டார். விடுதிகளில் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1964-இல்தான் வந்தது. தனியாகப் போகும் உரிமையைக்கூட ஒரு சமூகம் கூடித்தான் தர முடியும்.