சாகோஸ் கடற்காப்பகச் சுறாக் கண்காணிப்பு

மாலத்தீவுகளுக்குத் தெற்கே ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில், இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ளது சாகோஸ் தீவுக்கூட்டம். அதைச் சூழ்ந்த கடற்காப்பகத்தில் சுறாக்களின் உடலில் ஒலிபரப்பிகளைப் பொருத்தி, அவற்றின் நடமாட்டத்தைப் பதிவுசெய்யும் ஆய்வு 2013இல் தொடங்கியது. சுறா எங்கே தங்குகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்பதை அறியவே ஆய்வாளர்கள் இதைத் தொடங்கினர். ஆனால் கள்ள மீன்பிடிப்பைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாகவும் அது மாறியதுதான் இதன் வரலாற்றில் முக்கியமான திருப்பம்.

சுறாவைப் பின்தொடரும் கலை சாகோஸில் பிறந்ததல்ல. தொடக்கத்தில், ஒலிக்கருவி பொருத்திய சுறாவின் பின்னாலேயே ஆய்வாளர்கள் படகில் சென்றார்கள். 1979இல் அமெரிக்காவின் லாங் ஐலண்டுக்கு அப்பால் ஃபிராங்க் கேரி குழுவினர் ஒரு வெள்ளைச் சுறாவை மூன்றரை நாள் அப்படித் தொடர்ந்தனர். 1982இல் ஸ்காட்லாந்தின் கிளைடு வளைகுடாவில், மிதவையுயிர்களை வடிகட்டித் தின்னும் பெருஞ்சுறா ஒன்று 17 நாள் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கப்பட்டது. 2003இல் தென்னாப்பிரிக்காவில் அடையாளமிடப்பட்ட, 'நிக்கோல்' என்று பெயரிடப்பட்ட வெள்ளைச் சுறா 99 நாளில் ஆஸ்திரேலியக் கரையை எட்டியது; ஒன்பது மாதத்துக்குள் திரும்பியும் வந்துவிட்டது. ஒரு நாட்டின் கடலுக்குள் வேலி போட்டுச் சுறாவைக் காத்துவிடலாம் என்ற நம்பிக்கையை இந்தப் பயணம் ஆட்டங்காண வைத்தது.

சாகோஸில் 1970களில் முக்குளித்த ஆய்வாளர்கள் ஒரு முக்குளிப்புக்குச் சராசரியாக நான்கு சுறாக்களைக் கண்டார்கள். 1996இல் சராசரி ஒன்றுகூடத் தேறவில்லை. 2010 ஏப்ரலில் பிரிட்டன் சுமார் 6,40,000 ச.கி.மீ. பரப்பை மீன்பிடி தடைசெய்த காப்பகமாக அறிவித்தது. அமெரிக்கப் படைத்தளம் உள்ள டியகோ கார்சியாவையும் அதன் கரையோரக் கடலையும் மட்டும் விலக்கிவைத்தது. 1968 முதல் 1973 வரை வெளியேற்றப்பட்ட சாகோஸ் மக்கள் திரும்பி வருவதைத் தடுக்கும் சூழ்ச்சி இது என்ற குற்றச்சாட்டு உடனே எழுந்தது. 2015இல் பன்னாட்டு நடுவர் மன்றமும், இத்தீவுகளைத் தன்னுடையவை என்று கோரிவந்த மொரிசியசின் உரிமைகளைக் கருத்தில் கொள்ளாமல் காப்பகம் அறிவிக்கப்பட்டது கடல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சுறா ஆய்வைப் பாராட்டும் எழுத்துகள் பலவும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவதால் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது.

கண்காணிப்பு நடக்கும் முறை இது. தூண்டிலில் பிடித்த சுறாவைப் படகோரமாக மல்லாத்தினால் அது அசைவற்றுப் போய்விடும். அந்த வேளையில் வயிற்றில் சிறு கீறலிட்டு, விரல் பருமனுள்ள ஒலிபரப்பியை உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். ஒவ்வொரு கருவியும் தனக்கென ஓர் எண்ணை மீயொலியாக விட்டுவிட்டு ஒலிக்கும். பவளத்திட்டுகளின் சரிவில் நங்கூரமிட்ட ஒலிவாங்கிகள், சில நூறு மீட்டருக்குள் சுறா வந்தால் அந்த எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். ஒலிவாங்கியை மேலே எடுத்தால்தான் பதிவு கைக்கு வரும். ஆகவே ஆண்டுக்கொருமுறை போல ஆய்வுக்கப்பல் போகவேண்டும். கடலில் நடந்தது மாதங்கள் கழித்தே தெரியும்.

2014 டிசம்பர் பதிவுகளைப் பார்த்தபோது, பத்தே நாளில் 15 சுறாக்களின் ஒலி நின்றுபோயிருந்தது. கருவி பழுதாவதும் சுறா இடம்பெயர்வதும் உண்டுதான். இத்தனை ஒரே சமயத்தில் நிற்பது இயல்பல்ல. அதே காலத்தில் அப்பகுதியில் இரண்டு படகுகள் 359 சுறாக்களுடன் பிடிபட்டிருந்தன. இந்த ஒப்பீடு 2019இல் வெளியானது. அவ்வளவு பெரிய கடலுக்கு ரோந்துக்கப்பல் ஒன்றுதான் என்பதை நினைத்தால், பிடிபடாமல் போனவற்றை ஊகிக்கலாம். சாகோஸில் பிடிபடும் படகுகளில் மிகுதியானவை இலங்கையின் பலநாள் மீன்பிடிப் படகுகள். இந்தியப் படகுகளும் உண்டு. குமரி மாவட்டத்தின் தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் சுறாப்பிடிப்புக்குப் பெயர்பெற்றது. அங்கிருந்து போனவர்களும் டியகோ கார்சியாவில் தடுத்துவைக்கப்பட்டதுண்டு. கரையோரக் கடலில் மீன் அருகியதும் சுறாத்துடுப்புக்குக் கிடைத்த விலையும் அவர்களை அவ்வளவு தொலைவு துரத்தின.

2020இல் வெளியான ஆய்வு, எல்லாச் சுறாவும் ஒரே விதமாக நடமாடுவதில்லை என்று காட்டியது. சாம்பல் பவளத்திட்டுச் சுறாக்கள் பெரும்பாலும் சொந்தத் திட்டிலேயே தங்குகின்றன. வெள்ளிமுனைச் சுறாக்கள் திட்டுவிட்டுத் திட்டு அலைகின்றன. அதற்கேற்ப அவை திருட்டுத் தூண்டிலில் சிக்கும் இடமும் வாய்ப்பும் மாறுவதால், ரோந்தை எங்கே குவிப்பது என்று தீர்மானிக்கவும் இந்த வேறுபாடு உதவும்.

ரோந்தால் தடுக்க முடியாத ஆபத்தும் பதிவாகியுள்ளது. 2013 முதல் 2020 வரை நூற்றுக்கு மேற்பட்ட சாம்பல் சுறாக்களிடமிருந்து திரட்டிய பதிவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான கட்டுரையின்படி, 2015-16 எல் நினோ வெப்பத்தில் பவளங்கள் வெளிறியபோது சுறாக்கள் திட்டுகளில் தங்கும் நேரம் குறைந்தது. அந்தக் குறைவு 16 மாதம் வரை நீடித்தது. சில திட்டுகளில் மட்டும் அவை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தங்கின. பக்கத்துத் தீவுகளில் கூடுகட்டும் கடற்பறவைகளின் எச்சம் நீரில் கலந்து அத்திட்டுகளுக்குச் சத்தூட்டுவது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.